தந்தி தர்மாவின் கடைசி ஓவர்

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

துபாய் கராமாவில் ஒரு சைவ ஓட்டலின் மேல்மாடி ஹால் அது. பிறந்தநாள் விழாவுக்கும் பிரிவுபசார விருந்துக்கும் வாடகைக்கு விடுகிற இடம். யாருடைய விழாவிலிருந்தோ மிஞ்சிய ஒரு பலூன், ஏசி காற்றில் சுவரை உரசிக்கொண்டிருந்தது. கீழே சமையலறையிலிருந்து சாம்பார் கொதிக்கும் வாசனை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். சிலர் டியூட்டி சட்டையோடு, சிலர் ஞாயிற்றுக்கிழமைக்கான முழுக்கைச் சட்டையோடு. ஒரு பெண்கூட இல்லை.

"மேடம், பேமிலி செக்‌ஷன் கீழ இருக்கு" என்றார் வாசலோரம் இருந்தவர்.

"தர்மராஜ் நினைவுக் கூட்டம் இதுதானே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, மேடையருகே நின்றவரைப் பார்த்தார். அவர் மற்றவர்களைப் பார்த்தார். அந்தப் பார்வைகளுக்கு எல்லாம் ஒரே அர்த்தம்தான்: செத்துப்போன ஆளுக்கும் இந்த அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்?

மேடையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'எங்கள் வேகப்புயலுக்குக் கண்ணீர் அஞ்சலி'. நடுவில் பாஸ்போர்ட் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். முன்னந்தலை வழுக்கை, கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பை விழுந்த மனிதர். இவரா அவர்? எனக்குச் சந்தேகமாக இருந்தது. நான் அறிந்த தர்மராஜுக்கு இருபத்துச் சொச்சம் வயது. ஓடி வரும்போது நெற்றி முடி காற்றில் எழுந்து நிற்கும்.

ஃபிளெக்ஸின் அடியில், ஏற்பாடு செய்தவரின் படம். அது செத்தவர் படத்தைவிடத் தெளிவாக இருந்தது.

ஏன் போனேன்?

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் கணவரைத் தெரியும். வளைகுடாவுக்கு வந்த புதிதில் அவர் ரியாத்தில் பேச்சிலராக இருந்தார். பத்தா மார்க்கெட்டில் டீ குடிக்க வருகிற ஒவ்வொருவனும் ஊரில் தான் பெரிய ஆள் என்று கதை விடுவானாம். ஒருவன் அரண்மனை வாரிசு, ஒருவன் மாநில அளவில் கபடி ஆடியவன், ஒருவன் சினிமாவில் நடிக்க இருந்தவன். "விசாரிக்க ஆளில்லாத ஊர்ல எல்லாரும் ஹீரோதான்" என்பார். அங்கிருந்து கொண்டுவந்த அந்தச் சந்தேகப் புத்தியை எனக்கும் ஒட்டவைத்துவிட்டார்.

அதனால்தான், எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'தந்தி தர்மா காலமானார்' என்று வந்தபோது நான் உடனே நம்பவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை அவர் செத்துப்போனதாகச் செய்தி வந்து, பிறகு யாரோ மறுத்திருக்கிறார்கள். இந்த முறை யாரும் மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவர் செத்த இடம். ஷார்ஜா. முவைலா.

முவைலாவில் நாங்களும் சில வருடங்கள் இருந்தோம். அவர் எங்கள் தெருவில்கூட நடந்திருக்கலாம். சூப்பர் மார்க்கெட் வரிசையில் எனக்கு முன்னால் குப்பூஸ் ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றிருக்கலாம். அந்த நினைப்பு வந்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை.

"ஒரு கிரிக்கெட் பிளேயருக்கு அஞ்சலி. சரி. நீ எதுக்குப் போகணும்?" என்றார் கணவர்.

"நான் அவரோட ரசிகை."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீ சொன்னதில்லையே?"

"நீங்க கேட்டதில்லையே."

காரில் கராமா வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், "உனக்கும் அந்த ஆளுக்கும் பேச்சுவார்த்தை உண்டா?" என்றார். ஒரு வார்த்தைகூட இல்லை என்றேன். அதுதான் உண்மை. அவர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

மொட்டை மாடி கேலரி

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டி எங்கள் வீடு. பெண் பிள்ளைகள் மேட்ச் பார்க்க மைதானத்துக்குப் போகும் வழக்கம் கிடையாது. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. எங்கள் மொட்டை மாடி, பந்து வீசுபவரின் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது. புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கோடை விடுமுறையில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கும். சுற்று வட்டாரமே வரும். மைக் செட், சர்பத் வண்டி, பிட்ச்சில் விரித்த தென்னை நார் மேட், அதைச் சுற்றிச் செம்மண் புழுதி. தர்மராஜ் பந்து வீசினால் அந்த லேசான பந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் போடும். மாடியில் இருந்த எனக்கே கேட்கும். அவருக்குத் 'தந்தி' என்று பெயர் வைத்தது மைக்கில் வர்ணனை சொன்ன வாத்தியார். "தந்தி வருது, யாருக்குத் துக்கமோ தெரியலை" என்பார். அடுத்த நொடி ஸ்டம்ப் பறக்கும்.

அவரோடு படித்தவர்கள் எல்லாம் அவரைப் போலவே முடி வெட்டிக்கொண்டார்கள். நான் என்ன செய்திருப்பேன்? துணி காயப்போட்ட கம்பிக்குக் கீழே, யாரும் பார்க்காதபோது, அவரைப் போலவே ஓடி வந்து கையைச் சுழற்றியிருக்கிறேன். சுருட்டிய சாக்ஸ்தான் பந்து.

பிறகு அந்த இறுதி ஆட்டம் வந்தது. எதிரணி, பக்கத்து ஊர் நூல் மில் டீம். கடைசி ஓவரில் அவர்கள் ஜெயிக்கக் கொஞ்சம் அதிகமாகவே ரன் வேண்டும். பந்து தர்மராஜ் கையில். மைதானம் ஜெயித்துவிட்டதாகவே நினைத்து வெடியைக் கையில் எடுத்துவிட்டது.

முதல் பந்து கீப்பர் தலைக்கு மேலே போய் பவுண்டரி ஆனது. அடுத்தது பாதி பிட்ச்சில் விழுந்து உருண்டது. அதை மில் ஆள் சிக்ஸர் அடித்தான். அப்புறம் வைடு, மறுபடி வைடு. ஓவர் முடிவதற்கு முன்பே ஆட்டம் முடிந்தது.

சாயங்காலத்துக்குள் ஊரே ஒரு கதையைப் பேசியது. தர்மராஜுக்கு மில்லில் வேலை பேசியாகிவிட்டது, அதற்காகத்தான் விட்டுக்கொடுத்தான். அவர் வீட்டுச் சுவரில் சாணி அடித்தார்கள். சில வாரங்களில் அவர் ஊரைவிட்டே போய்விட்டார். மில்லுக்கு அவர் போகவில்லை. ஆனால் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கதையை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. உள்ளங்காலில் தைத்த முள் மாதிரி அது கிடந்தது.

அடித்தவர்கள் கூட்டம்

கராமாவுக்கு வருகிறேன்.

கடைசி வரிசையில் எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். இரு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலியாக விடப்பட்டது.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ஒருவர், தர்மா தன்னோடு ஒரே தட்டில் பரோட்டா சாப்பிட்டதாகச் சொன்னார். ஒருவர், தர்மாவின் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்ததாகச் சொன்னார். அடுத்தவர், தான் அடித்தது தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போனது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை பேர் அடித்திருந்தால் அவர் எப்படி எங்கள் ஹீரோவாக இருந்திருக்க முடியும்? மாடியிலிருந்து நான் பார்த்தவரை, எங்கள் ஊரில் பலபேர் அவர் பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் மட்டையை வீசினார்கள்.

பிறகு ஏற்பாட்டாளர் மைக்கைப் பிடித்தார். பாலகுரு. ஃபிளெக்ஸின் கீழ்ப் படத்தில் இருந்தவர். துபாயில் கட்டடச் சாமான் வியாபாரம், நல்ல நிலைமை. அந்த நாளில் எங்கள் ஊர் டீமின் கேப்டன். தலை நரைத்திருந்தாலும் அதே அகன்ற தோள்.

"அந்த பைனல் நம்ம யாருக்கும் மறக்காது" என்றார். கண்ணில் நீர் தளும்பியது. "என்ன நெருக்கடியோ, என்ன ஆசையோ, அவன் அப்படிப் பண்ணிட்டான். ஆனா நான் என்னைக்கோ அவனை மன்னிச்சிட்டேன். இன்னைக்கு நாம எல்லாரும் மன்னிச்சு அனுப்பி வைப்போம்."

கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அஞ்சலிக் கூட்டத்தில் இறந்தவரை எதற்காக மன்னிக்கிறார்கள்? அந்தக் கண்ணீர் எனக்குக் கொஞ்சம் பளபளப்பாகவே தெரிந்தது.

அப்போதுதான் கதவருகே நின்றிருந்த ஆளைப் பாலகுரு கவனித்தார். சாம்பல் நிற யூனிபார்ம், கையில் தொப்பி. "பாய், சாய் லாவ், ஜல்தி. எல்லாருக்கும்" என்று இந்தியில் டீ கொண்டுவரச் சொன்னார்.

"நான் ஓட்டல் ஆள் இல்லண்ணே. தமிழ்தான்" என்றார் அவர். "பேரு செல்லையா. புதுக்கோட்டைப் பக்கம். தர்மாண்ணனோட ரூம்ல இருந்தவன்."

ரூம் ஆள்

இப்போது எல்லோருடைய சந்தேகமும் என்னை விட்டுவிட்டு அவர்மேல் பாய்ந்தது.

"ரூம்னா எந்த ரூம்?"

"முவைலால கம்பெனி ரூம். நாங்க ரெண்டு பேரும் கம்பெனி ஆளுங்களை ஏத்திட்டுப் போற ஸ்டாஃப் பஸ் டிரைவருங்க."

"எதுவும் உதவி கேட்டு வந்தியாப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லண்ணே. கேக்க வந்தது வேற."

தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அது கை மாறிக் கை மாறிக் கடைசியில் என்னிடம் வந்தது. பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு டிரைவர்கள். உயரமானவர் இடது கையைச் செல்லையாவின் தோளில் போட்டிருந்தார். பாஸ்போர்ட் படத்தில் தெரியாதது இதில் தெரிந்தது. நிற்கிற தோரணை. அது அவரேதான்.

"ஒரே ஊர்க்காரன் இத்தனை பேர் இங்க இருக்கோம். ஒரு நாள்கூட அவன் எங்களைப் பாக்க வரலையே, ஏன்?" என்றார் பாலகுரு.

"அதைத்தாண்ணே நானும் அவர்கிட்ட கேட்டேன். பக்கத்து மணல் கிரவுண்டுல லீவு நாள்ல பசங்க ஆடுவாங்க. அந்தப் பக்கமே வரமாட்டாரு. டிவில மேட்ச் ஓடினா சானலை மாத்தச் சொல்வாரு. ஒரு தடவை நான் மாத்தமாட்டேன்னு அடம் பிடிச்சப்பத்தான் சொன்னாரு."

செல்லையா நிதானமாகப் பேசினார். தர்மராஜுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாதாம். ஸ்டியரிங் பிடிக்கலாம், அதற்கு மேல் முடியாது. தலை சீவுவது இடது கையால். சட்டை போட்டால் வலது கையை முதலில் நுழைத்துவிட்டு, மெதுவாக மற்றதை. தண்ணீர் கேனைத் தூக்க இவர்கள் விடுவதில்லை.

"தோள் முந்தின மேட்ச்லயே போயிருச்சுன்னு சொன்னாரு. பைனல்ல ஆடமாட்டேன்னு சொல்லியும் கேப்டன் விடலையாம். கடைசி ஓவரு வேணவே வேணாம்னாராம். பந்தைக் கையில திணிச்சு அனுப்பினாராம். அப்பப் போன கைதான். அப்புறம் வரவே இல்லை."

"கேப்டன் பேரைக் கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டாரு. அதான் கேக்க வந்தேன்." செல்லையா தொப்பியைக் கசக்கினார். "அந்த மேட்ச்ல கேப்டன் யாருண்ணே?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

பார்த்தது

"செத்தவன் சொன்னான்னு எவன் வேணா வந்து எதையும் சொல்லலாம்" என்றார் பாலகுரு. முகம் சிவந்திருந்தது. "இவனை யாரு அனுப்பினாய்ங்கன்னு மொதல்ல விசாரிங்கப்பா."

நான் எழுந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று திட்டமிடவில்லை.

"கடைசி ஓவருக்கு முன்னால நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு நின்னீங்க. அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாரு. நீங்க அவர் மணிக்கட்டைப் பிடிச்சுப் பந்தை வச்சீங்க. அவர் கையைச் சுழற்றிப் பார்த்தாரு. பாதியிலயே நின்னுருச்சு. இடது கையால தோளை அமுக்கிக்கிட்டாரு. படபடப்புன்னு அன்னைக்கு நினைச்சேன்."

"நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் பாலகுரு.

"எங்க வீட்டு மாடியில. மைதானத்துக்குப் பின்னாடி."

"மாடியில இருந்து பாத்தா அவன் தோள் வலி உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது" என்றது இன்னொரு குரல். நடு வரிசையில் இருந்த சங்கர். அன்றைய விக்கெட் கீப்பர், இப்போது அபுதாபியில் கணக்காளர். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். "மேடத்துக்குத் தெரியாது. கீப்பிங் நின்ன எனக்குத் தெரியும். செமி பைனல்லயே அவன் கை செத்துருச்சு. நானும் உன்கிட்ட சொன்னேன் குரு. வேற யாருக்காவது குடுன்னு சொன்னேன்ல?"

பாலகுரு மைக்கை மேசைமேல் வைத்தார். அது 'கொர்' என்று கத்தியது. யாரோ போய் அணைத்தார்கள்.

"வேற யாருக்குடா குடுக்கச் சொல்ற?" என்றார் கடைசியில். "கை வலிச்சாலும் தந்தி தந்திதான்னு நினைச்சேன். அவன் பேரைக் கேட்டாலே அவய்ங்க பயந்துருவாய்ங்கன்னு நினைச்சேன்."

"சரி. தோத்த பிறகு?" சங்கர் விடவில்லை.

"எல்லாரும் என்னைப் பிச்சுருவாய்ங்கன்னு இருந்துச்சு. எவனோ மில்லு வேலைன்னு ஆரம்பிச்சான். நான் ஆரம்பிக்கல. சத்தியமா நான் ஆரம்பிக்கல." தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்கவில்லை. "நான் இல்லைன்னும் சொல்லல."

சற்று முன் கை தட்டியவர்கள் இப்போது தரையைப் பார்த்தார்கள்.

போன்

செல்லையா அவரைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் வியப்பாக இருந்தது.

"பாடியோட ஊருக்கு நாந்தாண்ணே போனேன்" என்றார். "அண்ணியோட ஊர்ல வச்சுத்தான் எடுத்தாங்க. அங்கயும் வந்து ரெண்டு பேர் பேசுறாங்க, மில்லுக்கு வித்தவன்தானேன்னு. அவர் பொண்ணு காதுல விழுந்துருச்சு. காலேஜ் படிக்கிற புள்ள. 'மாமா, எங்கப்பா ஏமாத்துனாரா'ன்னு என்கிட்ட கேக்குது. நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லணும். இப்பவே போன் போடுறேன், எல்லாரும் இருக்கும்போது."

பாலகுரு மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கதவைப் பார்த்தார். கதவருகே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பிறகு கையை நீட்டினார்.

செல்லையா போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"செல்லையாண்ணனா? சொல்லுங்கண்ணே" என்றது ஒரு பெண் குரல். முத்துலட்சுமி, தர்மராஜின் மனைவி.

"அம்மா, நான் பாலகுரு பேசறேன். தர்மாவோட டீம்ல கேப்டனா இருந்தவன். அந்த பைனல்ல..." போனை இன்னும் அருகே இழுத்தார். "அவன் ஏமாத்தல. தோள் முடியாம இருந்தவனை நாந்தான் போடச் சொன்னேன். ஊர் தப்பாப் பேசினப்ப நான் வாயைத் திறக்கல."

"அது நீங்கதானா?" என்றார் அந்த அம்மா. "கையைக் கெடுத்தவன் யாருன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். கடைசி வரைக்கும் அவுக பேரு சொல்லல. இன்னைக்கு நீங்களே சொல்லிட்டீக."

பாலகுரு கண்ணைத் துடைத்தார்.

"இப்ப எதுக்குச் சொல்றீக? யாரு சொல்லச் சொன்னா?"

"நானாத்தாம்மா சொல்றேன்."

அது முழு உண்மை இல்லை. ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் திருத்தவில்லை. வெட்கத்தால் பேசினாரா, கூட்டத்துக்குப் பயந்து பேசினாரா என்று எனக்கு இப்போதும் முடிவு செய்யத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. "ம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"அங்க, அவுக பந்து போட்டதைப் பாத்தவுக யாரும் இருக்கீகளா? கல்யாணத்துக்கு முன்னாடியே கை போயிருச்சு. நான் பாத்ததே இல்ல. நெசமாவே அம்புட்டு வேகமா?"

சிக்ஸர் அடித்தவர்கள், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒருவருக்கும் வாய் வரவில்லை. சங்கர் என்னைக் காட்டி, "அந்த அக்காகிட்ட குடுங்க" என்றார்.

போனை வாங்கினேன். "வணக்கம்மா" என்றேன்.

"யாரு இது, பொம்பளைக் குரல்?" அவர் குரல் சட்டென்று மாறியது. "நீங்க யாரு? அவுகளை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசிப் பழகினது இல்லம்மா. மைதானத்துக்குப் பின்னாடி வீடு. மாடியில இருந்து பாத்திருக்கேன்."

"பாத்தது மட்டுந்தானா?"

"மட்டுந்தான்."

"சரி, சொல்லுங்க."

சொன்னேன். எவ்வளவு தூரத்திலிருந்து ஓடி வருவார், காலடியில் புழுதி எப்படி எழும், பந்து போடும் சத்தம் எப்படி இருக்கும், ஸ்டம்ப் எங்கே போய் விழும், எல்லாம். முடித்ததும் அவர் கேட்டார்:

"விக்கெட்டு விழுந்தா சிரிப்பாகளா?"

யோசித்தேன். "இல்லம்மா. விக்கெட் விழுந்தா சும்மா திரும்பி நடப்பாரு. எவனாவது அவர் பந்தை அடிச்சுட்டாத்தான் சிரிப்பாரு. அடுத்த பந்து அவனுக்கு என்னன்னு முடிவு பண்ணின மாதிரி."

"நெசமாவா? இல்ல, செத்தவுகளைப் பத்தி நல்லதாச் சொல்லணும்னு சொல்றீகளா?"

"நான் கண்ணால பாத்தது."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான் சண்டை போட்டாத்தான் அவுகளுக்குச் சிரிப்பு வரும்" என்றார். "இருங்க, வச்சிராதீக. பொண்ணைக் கூப்பிடுறேன். அவகிட்டயும் மொதல்ல இருந்து சொல்லுங்க."